கரண்ட் வைப்பது என்றால் என்ன?

புராஸ்டேட் புற்றுநோயும் கதிர் சிகிச்சையும்



"அவருக்குக் கேன்சராம். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்களாம்."

இப்படிப் பலர் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேட்டவுடன் மனதில் ஒரு பயம் வரும். கரண்ட் என்றால் ஷாக் அடிக்குமே! உடம்பு கருகிப் போகுமோ? முடி கொட்டுமோ? பக்கத்தில் போனால் நமக்கும் ஒட்டிக்கொள்ளுமோ?

இந்தப் பயத்தால் சிலர் சிகிச்சைக்கே போவதில்லை. சிலர் பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். குணமாகக் கூடிய நோய் முற்றிப் போகிறது.

ஆண்களுக்கு மட்டும் வரும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. அதன் பெயர் புராஸ்டேட் புற்றுநோய். இதற்குக் கரண்ட் வைப்பதில் இப்போது பெரிய மாற்றங்கள் வந்துள்ளன. முன்பு எட்டு வாரம் ஆன சிகிச்சை பலருக்கு நாலு வாரத்தில் முடிகிறது. சிலருக்கு ஐந்தே முறையில் முடிகிறது. இது எப்படி? இதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

பெண்களும் இதைப் படிக்க வேண்டும். அப்பாவையும் கணவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது பெரும்பாலும் அவர்கள்தானே?

புராஸ்டேட் எங்கே இருக்கிறது?

அடிவயிற்றில் சிறுநீர்ப்பை இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சிறிய சுரப்பி இருக்கிறது. பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதுதான் புராஸ்டேட். இது ஆண்களுக்கு மட்டுமே உண்டு. விந்துவோடு சேரும் ஒரு திரவத்தை இது சுரக்கிறது.

சிறுநீர் வெளியே வரும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே போகிறது. பின்னால் ஒட்டினாற்போல் மலக்குடல் இருக்கிறது. மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் புராஸ்டேட். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

வயது ஏறினால் இந்தச் சுரப்பி வீங்குவது சகஜம். அப்போது குழாய் நெருக்கப்படும். சிறுநீர் மெதுவாக வரும். இரவில் நாலைந்து முறை எழ வேண்டியிருக்கும். இதெல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் வெறும் வீக்கம்தான். மாத்திரையில் சரியாகும்.

ஆனால் சிலருக்கு அங்கே புற்றுநோய் வருகிறது. பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வருகிறது. தொடக்கத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. அதுதான் இதில் உள்ள சிக்கல்.

பெங்களூரில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. நகரத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்று அதில் பதிகிறார்கள். ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் புராஸ்டேட் இங்கே முதல் சில இடங்களில் இருக்கிறது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

• சிறுநீர் கழிக்கத் தொடங்கவே நேரம் ஆகிறது.
• சிறுநீர் வேகமாக வருவதில்லை. விட்டு விட்டு வருகிறது.
• இரவில் பல முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.
• சிறுநீரில் ரத்தம் வருகிறது.
• இடுப்பு எலும்பிலோ முதுகிலோ வலி வந்து போகாமல் நிற்கிறது.

இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயதான ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வீட்டில்கூடச் சொல்வதில்லை. ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைப் பாருங்கள்.

"அப்பா, ராத்திரி அஞ்சு தடவை எழுந்து போறீங்க. என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லம்மா. வயசானா அப்படித்தான்."

"எத்தனை நாளா இப்படி?"

"தீபாவளியிலிருந்து இருக்கும். இதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிம்மா சொல்றது? வெட்கமா இருக்கு."

"டாக்டருக்கு இது தினமும் பார்க்கிற வேலைப்பா. நாளைக்கு நானும் வர்றேன். வாங்க போகலாம்."

இந்த மகளைப் போலப் பக்குவமாகப் பேச வேண்டும். மாதக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

டாக்டர் என்ன செய்வார்? கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். இந்த அளவு கூடினால் உடனே புற்றுநோய் என்று நினைக்காதீர்கள். வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும்கூட அது கூடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு ஊசியால் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். இந்தச் சதைப் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும்.

கரண்ட் என்று ஏன் பெயர் வந்தது?

மக்கள் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். மருத்துவர்கள் 'கதிர் சிகிச்சை' என்கிறார்கள். ரேடியேஷன் என்றும் சொல்வார்கள். கன்னடத்தில் 'விகிரண சிகித்ஸெ' என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆனால் உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. போவது கண்ணுக்குத் தெரியாத கதிர். கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதே வகைக் கதிர்தான். இங்கே வீரியம் மிக அதிகம். எக்ஸ்ரே எடுக்கும்போது வலித்ததா? இல்லை அல்லவா? இதுவும் வலிக்காது. ஷாக் அடிக்காது.

எக்ஸ்ரே கதிரை 1895இல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1898இல் மேரி கியூரியும் அவர் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு கதிரால் புற்றுநோயை அழிக்கும் முயற்சிகள் வளர்ந்தன. ஆகவே இது நேற்று வந்த வைத்தியம் அல்ல. நூறு ஆண்டுக்கு மேல் பழகிய வைத்தியம்.

நம் பக்கத்திலும் இதற்கு வரலாறு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. பெங்களூரில் 1973இல் கித்வாய் மருத்துவமனை தொடங்கியது. சுதந்திரப் போராட்ட வீரரும் மத்திய அமைச்சருமாக இருந்த ரஃபி அகமது கித்வாயின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் அருகில் இருக்கிறது. அரசு மருத்துவமனை. கர்நாடகத்திலிருந்து மட்டும் அல்ல, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள்.

கதிர் எப்படி நோயை அழிக்கிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான அணுக்களால் ஆனது. இவற்றைச் செல்கள் என்று சொல்வோம். நல்ல செல்கள் ஓர் ஒழுங்கில் வளரும். புற்றுநோய்ச் செல்கள் அடங்காமல் பெருகும். வயலில் களை பெருகுவது போல.

கதிர் படும்போது செல்லின் உள்ளே காயம் ஆகிறது. நல்ல செல்லுக்கும் காயம் ஆகும். நோய்ச் செல்லுக்கும் காயம் ஆகும். ஆனால் நல்ல செல் தன் காயத்தைச் சீக்கிரம் ஆற்றிக்கொள்ளும். நோய்ச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அது பெருக முடியாமல் மெல்லச் சாகும்.

அதனால்தான் மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. தினமும் கொஞ்சம் கொடுக்கிறார்கள். நல்ல செல் ஆறுவதற்கு இடைவெளி விடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் சிகிச்சை. இரண்டு நாள் ஓய்வு.

கதிரை அளக்க ஓர் அளவு உண்டு. பாலை லிட்டரில் அளக்கிறோம். அரிசியைக் கிலோவில் அளக்கிறோம். கதிரை 'கிரே' என்ற அளவில் அளக்கிறார்கள்.

பழைய முறையில் என்ன கஷ்டம்?

முன்பு இருந்த இயந்திரங்கள் கதிரை அகலமாகப் பாய்ச்சின. புராஸ்டேட்டின் மேலும் பட்டது. பக்கத்தில் உள்ள சிறுநீர்ப்பையிலும் பட்டது. மலக்குடலிலும் பட்டது. அதனால் சிறுநீர் எரிந்தது. பேதி ஆனது. சிலருக்கு மலத்தில் ரத்தம் வந்தது. கதிரின் அளவைக் கூட்டவும் முடியவில்லை. குறைத்தால் நோய் சாகவில்லை.

கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வரும் கதிரை வெகுகாலம் பயன்படுத்தினார்கள். கோபால்ட் கதிரின் வீரியம் தானாகக் குறையும். ஐந்தேகால் ஆண்டில் பாதியாகி விடும். பிறகு புது கோபால்ட் வாங்கி வைக்க வேண்டும்.

கோபால்ட் இயந்திரத்தை நம் நாட்டிலேயே செய்தார்கள். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை உருவாக்கியது. பெயர் பாபாட்ரான். அதைத் தயாரிப்பது பெங்களூரில் உள்ள பனேசியா என்ற நிறுவனம். குறைந்த செலவில் பல ஊர்களுக்குக் கதிர் சிகிச்சை போய்ச் சேர அது உதவியது. வியட்நாம் போன்ற நாடுகளுக்கும் இந்தியா அதைக் கொடுத்தது.

ஆனால் புராஸ்டேட் உடம்பின் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் வீரியமான, இன்னும் கூர்மையான கதிர் வேண்டும். அதைத் தருவது லினாக் என்ற இயந்திரம். இதில் கோபால்ட் கிடையாது. சுவிட்சைப் போட்டால் கதிர் வரும். நிறுத்தினால் கதிர் நின்று விடும்.

புதிதாக வந்தது என்ன?

மூன்று மாற்றங்கள் முக்கியமானவை.

ஒன்று: கதிருக்கு உருவம் கொடுப்பது.

தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே நின்று பாருங்கள். கீற்றின் இடைவெளி எந்த உருவத்தில் இருக்கிறதோ, அந்த உருவத்தில்தான் வெயில் தரையில் விழும். லினாக் இயந்திரத்தின் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் பல இருக்கின்றன. கம்ப்யூட்டர் அந்தத் தகடுகளைத் தள்ளியும் இழுத்தும் இடைவெளியை மாற்றுகிறது. கதிர் புராஸ்டேட்டின் உருவத்திலேயே போய் விழுகிறது. இயந்திரம் நோயாளியைச் சுற்றி வந்து பல திசைகளிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறது. எல்லாத் திசையிலிருந்தும் வரும் கதிர் புராஸ்டேட்டில் ஒன்று சேர்கிறது. அங்கே வீரியம் அதிகம். மற்ற இடங்களில் குறைவு. இந்த முறையின் பெயர் ஐ.எம்.ஆர்.டி.

இரண்டு: தினமும் படம் பார்த்துக் குறிவைப்பது.

புராஸ்டேட் ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதில்லை. சிறுநீர்ப்பை நிறைந்தால் ஒரு பக்கம் நகரும். குடலில் மலமும் காற்றும் இருந்தால் வேறு பக்கம் நகரும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் கதிர் கொடுக்கும் முன் அங்கேயே ஒரு ஸ்கேன் எடுக்கிறார்கள். சுரப்பி எங்கே இருக்கிறது என்று பார்த்து, மேசையை நகர்த்திச் சரி செய்கிறார்கள். சில இடங்களில் நெல்மணியைவிடச் சிறிய தங்கத் துண்டுகளை முன்கூட்டியே சுரப்பிக்குள் வைக்கிறார்கள். படத்தில் அவை அடையாளமாகத் தெரியும். இந்த முறையின் பெயர் ஐ.ஜி.ஆர்.டி.

மூன்று: நாட்களைக் குறைப்பது.

குறி தப்பாது என்ற தைரியம் வந்தது. அப்போது மருத்துவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். தினமும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன? புராஸ்டேட் புற்றுநோய் மெதுவாக வளரும் நோய். ஒரு முறைக்குக் கொடுக்கும் அளவைக் கூட்டினால் இந்த நோய்ச் செல்கள் நன்றாகச் சாகின்றன என்று தெரிந்தது. அப்படியானால் மொத்த அளவைக் குறைக்கலாம். நாட்களையும் குறைக்கலாம்.

சோதித்துப் பார்த்தார்கள்

இங்கிலாந்தில் 3,216 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு 37 முறை கொடுத்தார்கள். தினம் 2 கிரே. மொத்தம் 74 கிரே. சிலருக்கு 20 முறை கொடுத்தார்கள். தினம் 3 கிரே. மொத்தம் 60 கிரே. 2016இல் முடிவு வந்தது. 20 முறை எடுத்தவர்களுக்கும் நோய் அதே அளவு கட்டுப்பட்டது. தொந்தரவும் கூடவில்லை. அதன் பிறகு பல நாடுகளில் 20 முறை என்பது வழக்கமாகி விட்டது.

இன்னும் குறைக்க முடியுமா என்று பார்த்தார்கள். 874 பேரை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா நாட்டு மருத்துவமனைகள் இதில் சேர்ந்தன. பாதிப் பேருக்கு ஐந்தே முறை. ஒரு முறைக்கு ஏழேகால் கிரே. மீதிப் பேருக்கு 20 முறை அல்லது 39 முறை. 2024 அக்டோபரில் முடிவு வெளியானது. ஐந்து ஆண்டுக்குப் பிறகும், இரண்டு பக்கத்திலும் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு நோய் திரும்பவில்லை.

இதில் ஒரு குறையும் தெரிந்தது. ஐந்து முறை எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 27 பேருக்குச் சிறுநீர்த் தொந்தரவு ஏதாவது ஒரு சமயம் வந்தது. மற்றவர்களில் சுமார் 18 பேருக்கு வந்தது. ஆகவே ஐந்து முறை எல்லாருக்கும் பொருந்தாது. நோய் சுரப்பிக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இது நல்லது. சுரப்பி மிகப் பெரிதாக இருந்தால், சிறுநீர் அடைப்பு அதிகம் இருந்தால், டாக்டர் வேறு முறை சொல்வார்.

நம் நாட்டிலும் ஆய்வு நடந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 224 பேர் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் நோய் சற்று முற்றியிருந்தது. பாதிப் பேருக்குப் புராஸ்டேட்டுக்கு மட்டும் கதிர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு இடுப்புக்குள் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது. சேர்த்துக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு ஐந்து ஆண்டு வரை பி.எஸ்.ஏ. அளவு கட்டுக்குள் இருந்தது. மற்றவர்களில் 81 பேருக்குத்தான் அப்படி இருந்தது. இதிலும் 25 முறைதான் கதிர் கொடுத்தார்கள்.

நாள் குறைந்தால் நமக்கு என்ன லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓசூர் பக்கத்தில் ஒரு கட்டடத் தொழிலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 66. இன்னும் வேலைக்குப் போகிறார். ஒரு நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சைக்குப் போகும் நாளில் கூலி கிடையாது.

39 முறை என்றால் 39 × 700 = 27,300 ரூபாய் நஷ்டம்.
20 முறை என்றால் 20 × 700 = 14,000 ரூபாய் நஷ்டம்.
5 முறை என்றால் 5 × 700 = 3,500 ரூபாய் நஷ்டம்.

கூட வரும் மகனும் கூலிக்காரர் என்றால் நஷ்டம் இரண்டு மடங்கு. பஸ் செலவு தனி. சாப்பாடு தனி. சிகிச்சையே இலவசமாகக் கிடைத்தாலும் இந்தச் செலவு வீட்டை முறித்து விடும். பலர் பாதியில் விட்டுப் போவதற்கு இதுவும் காரணம். நாள் குறைந்தால் முழுச் சிகிச்சையையும் முடிப்பது எளிது.

மருத்துவமனைக்கும் லாபம் உண்டு. ஒரே இயந்திரத்தில் அதிகம் பேருக்குச் சிகிச்சை தரலாம். வரிசையில் காத்திருக்கும் காலம் குறையும்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவார்கள். இடுப்பில் சிறு புள்ளிகள் வைத்து அடையாளம் செய்வார்கள். மையில் போட்ட அடையாளத்தைத் தேய்த்துக் கழுவி விடாதீர்கள். திட்டம் தயாராகச் சில நாட்கள் ஆகும்.

சிகிச்சை நாளில் மலம் கழித்து விட்டுப் போக வேண்டும். பிறகு அவர்கள் சொல்லும் அளவு தண்ணீர் குடித்து, சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஏன் தெரியுமா? சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பெரும்பகுதி கதிரை விட்டு விலகி நிற்கும். குடல் காலியாக இருந்தால் புராஸ்டேட் தன் இடத்தில் நிற்கும். முதலில் படித்தோமே, மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல் என்று. அது இதற்காகத்தான்.

மேசையில் படுக்க வைப்பார்கள். எல்லாரும் வெளியே போவார்கள். கதவு மூடும். பயப்பட வேண்டாம். கேமரா வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்கும். இயந்திரம் சுற்றும் சத்தம் வரும். உடம்பில் எதுவும் தெரியாது. கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்து விடும். அன்றே வீட்டுக்குப் போகலாம்.

பலர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: தலைமுடி கொட்டுமா?
பதில்: கொட்டாது. கதிர் படும் இடத்து முடிதான் உதிரும். இங்கே கதிர் படுவது அடிவயிற்றில்.

கேள்வி: பேரப் பிள்ளைகளைத் தூக்கலாமா?
பதில்: தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. புற்றுநோயும் ஒட்டுவாரொட்டி அல்ல. சில இடங்களில் கதிர் தரும் சிறு விதைகளைச் சுரப்பிக்குள்ளேயே நிரந்தரமாக வைத்து விடுவார்கள். அப்படி வைத்தவர்கள் மட்டும் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் கொஞ்ச காலம் டாக்டர் சொன்னபடி விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: என்ன தொந்தரவு வரும்?
பதில்: களைப்பு வரும். அடிக்கடி சிறுநீர் வரும். எரிச்சல் இருக்கும். சிலருக்குப் பேதி ஆகும். பெரும்பாலும் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் குறையும். சிலருக்கு மாதங்கள் கழித்து மலத்தில் ரத்தம் வரலாம். மூலம் என்று நினைத்து நாட்டு மருந்து தேடாதீர்கள். சிகிச்சை செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.

கேள்வி: ஆண்மை குறையுமா?
பதில்: சிலருக்குக் குறையும். இதை மறைக்க வேண்டியதில்லை. சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மனைவியிடமும் பேசுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

கேள்வி: ஊசி வேறு போடுகிறார்களே, அது எதற்கு?
பதில்: ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அந்தத் தீனியைக் குறைக்க ஊசி. நோயின் அளவைப் பொறுத்துச் சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டு வரை போட வேண்டும். கரண்ட் முடிந்து விட்டது என்று ஊசியை நிறுத்தி விடக் கூடாது.

கேள்வி: எல்லாருக்கும் உடனே சிகிச்சை வேண்டுமா?
பதில்: இல்லை. சிலருக்கு நோய் மிக மெதுவாக வளரும். அவர்களை அடிக்கடி சோதித்துக் கவனித்து வந்தால் போதும். இங்கிலாந்தில் 1,643 பேரைப் பதினைந்து ஆண்டு கவனித்தார்கள். நோய் சுரப்பியை விட்டு வெளியே போகாத காலத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் இவர்கள். சிலருக்கு ஆபரேஷன், சிலருக்குக் கதிர், சிலருக்குக் கண்காணிப்பு மட்டும். 2023இல் முடிவு வந்தது. 1,643 பேரில் 45 பேர்தான் இந்த நோயால் இறந்தார்கள். மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் கண்காணிப்பு என்றால் டாக்டரிடம் போகாமல் இருப்பது அல்ல. சொன்ன தேதிக்குத் தவறாமல் போவது.

கேள்வி: நோய் எலும்புக்குப் பரவி விட்டது. இனிக் கரண்ட் வைத்துப் பயன் உண்டா?
பதில்: உண்டு. எலும்பு வலியைக் குறைக்கக் கதிர் உதவும். பலருக்கு இதற்கு ஒரே ஒரு முறை போதும். திடீரென்று கால் மரத்துப் போனாலோ, நடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுத் தண்டு நசுங்கியிருக்கலாம்.

அதிகச் செலவு என்றால் அதிக நன்மையா?

புரோட்டான் என்ற இன்னொரு வகைக் கதிர் சிகிச்சையும் வந்திருக்கிறது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 2019இல் தொடங்கியது. செலவு மிக அதிகம். குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகளுக்கு அது நல்லது. புராஸ்டேட்டுக்கு எப்படி? அமெரிக்காவில் 450 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2024இல் முடிவு சொன்னார்கள். நோய் கட்டுப்படுவதிலும் தொந்தரவிலும் வித்தியாசம் இல்லை.

ஆகவே நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து விலை உயர்ந்த இயந்திரத்தைத் தேடி ஓட வேண்டாம். முதலில் அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

கர்நாடகத்தில் 2018 முதல் 'ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா' திட்டம் இருக்கிறது. பி.பி.எல். ரேஷன் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டு அட்டை உள்ளவர்கள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகலாம். பெங்களூரில் சிகிச்சை எடுப்பதானால் உங்கள் அட்டை அங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்று வாங்க வேண்டும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைகள். எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். தேதி வாரியாக அடுக்குங்கள். இப்போது உங்களுக்குத் தேதி படிக்கத் தெரியுமே!

டாக்டரிடம் கேளுங்கள்

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே பரவி விட்டதா?
2. எனக்கு ஆபரேஷன் நல்லதா, கதிர் நல்லதா, காத்திருக்கலாமா?
3. கதிர் என்றால் எத்தனை முறை? 20 முறையிலோ 5 முறையிலோ முடிக்க முடியுமா?
4. ஊசி போட வேண்டுமா? எத்தனை மாதம்?
5. என் கார்டில் எவ்வளவு கிடைக்கும்? கையிலிருந்து எவ்வளவு ஆகும்?
6. சிகிச்சை முடிந்த பிறகு பி.எஸ்.ஏ. பரிசோதனை எப்போது?

கேட்பது உங்கள் உரிமை. புரியவில்லை என்றால், "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். பெண் டாக்டர் என்றால் "அம்மா" என்று கேளுங்கள். நர்சு அக்காவிடமும் கேட்கலாம்.

சிகிச்சை முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. டாக்டர் சொன்ன தேதியில் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டும். அந்த எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எண் ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள். நோய் திரும்பினாலும் சீக்கிரம் பிடித்து விடலாம்.

கலந்து பேசுவோம்

1. ஆண்கள் சிறுநீர்த் தொந்தரவை ஏன் வெளியே சொல்வதில்லை?
2. 'கரண்ட்' பற்றி உங்கள் தெருவில் என்ன பயங்கள் இருக்கின்றன? அவற்றில் எது சரி, எது தவறு?
3. சிகிச்சைக்கு முன் ஏன் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள்?

கணக்குப் போடுவோம்

ஒருவருக்குப் பஸ்ஸில் போய் வர ஒரு நாளைக்கு 120 ரூபாய் ஆகிறது. 39 நாளுக்கு எவ்வளவு? 20 நாளுக்கு எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பெயரை எழுதுங்கள். அவர்களிடம் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள்.